மூக்குச் செய்தவருக்குப் பெயரில்லை

தோல் புற்றுநோயை வெட்டி எடுத்தாச்சு எண்ட நிம்மதிக்குப் பிறகு இன்னொரு கேள்வி வரும்: இந்த முகத்தோட எப்பிடி வெளியில போறது? வெயில் நேரே படுகிற மூக்கில் இந்தப் புற்றுநோய் அடிக்கடி வரும். மூக்கில் பெரும்பகுதி போய்விட்டால், சத்திரசிகிச்சை நிபுணர்கள் இன்றும் நெற்றித் தோலைக் கொண்டுதான் அதைத் திருப்பிக் கட்டுகிறார்கள். இந்த முறை எங்கிருந்து வந்தது எண்டு தேடினால், நாங்கள் புனேக்குப் பக்கத்தில் போய் நிற்போம்.

1792 போரில் ஆங்கிலேயப் படைக்கு மாடு ஓட்டிய கோவாஸ்ஜி, திப்பு சுல்தானின் ஆட்களிடம் பிடிபட்டார். மூக்கையும் ஒரு கையையும் வெட்டிவிட்டார்கள். ஒரு வருடத்துக்கு மேல் மூக்கில்லாமல் இருந்தவருக்கு, செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவர் புது மூக்கு வைத்தார்.

மெழுகில் மூக்கு ஒன்று செய்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து, சுற்றிக் கோடு கீறினார். அந்த அளவுக்குத் தோலை உரித்தார். ஆனால் கண்களுக்கு நடுவில் ஒரு துண்டை மட்டும் வெட்டாமல் விட்டார். இரத்தம் ஓடுவது அந்த வழியால்தான். தோலைத் திருப்பி மூக்கில் பொருத்தி, அது ஒட்டிப் பிடித்த பிறகு, கிட்டத்தட்ட 25ஆம் நாள் அந்த இணைப்பை வெட்டினார்.

1794இல் லண்டனின் ‘ஜென்டில்மன்ஸ் மகசின்’ இதைப் படத்தோடு வெளியிட்டது. ஜோசப் கார்ப்யூ என்ற லண்டன் வைத்தியர் 1814இல் இதே முறையில் மூக்குக் கட்டி, 1816இல் புத்தகமும் எழுதினார்.

இந்தக் கதை வந்தாலே, ‘சுஸ்ருதர் அப்பவே சொல்லிட்டார்’ எண்டு பெருமை பேசுவோம். ஆனால் சுஸ்ருத சம்ஹிதை சொல்வது கன்னத் தோலை. புனேக்காரர் எடுத்தது நெற்றித் தோலை. இரண்டுக்கும் இடையில், ஏட்டில் இல்லாமல் கைகள் படித்த பாடம் ஒன்று இருந்திருக்க வேணும். அந்தக் கைகளை நாங்கள் பேசுவதில்லை. நோயாளியின் பெயர் இருக்கிறது, கார்ப்யூவின் பெயர் இருக்கிறது. செய்தவருக்கு மிஞ்சியது சாதி மட்டும்தான்.

இன்றும் இந்தச் சிகிச்சை செய்தவர்கள் மூன்று வாரமளவில் நெற்றிக்கும் மூக்குக்கும் நடுவில் அந்தத் தோல் பாலத்தோடு இருக்க வேணும். ஆக்கள் பார்ப்பார்கள், கேட்பார்கள். கேட்டால், இது செங்கல் செய்த கை காட்டிய வழி எண்டு சொல்லலாம்.