பதினாறு லட்சத்து 984

1825இல் சென்னையில் அச்சான ஜான் வாரனின் ‘கால சங்கலித’த்தில் 1600984 என்றொரு எண் வருகிறது. புதுச்சேரித் தமிழ்க் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, வாய்பாடுகளை மனத்திலிருந்தே எடுத்து, அந்த ஆண்டு மே 31 இரவின் சந்திர கிரகணத்தை வாரனுக்குக் கணித்துக் காட்டினார். தொடக்கம் 4 நிமிடம்தான் பிசகியது. முடிவில் 52 நிமிடம்.

அந்தக் கணிதரின் முறைப்படி, கலி பிறந்தது முதல் எண்ணிவரும் நாள்தொகையில் 1600984ஐக் கழிக்க வேண்டும். மீதியை 12372ஆலும், அதில் மிஞ்சுவதை 3031ஆலும், பிறகு 248ஆலும் வகுக்க வேண்டும். கடைசியில் மிஞ்சுவது, நிலாவின் இடத்தைத் தரும் சந்திர வாக்கியங்களில் எத்தனையாவதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லும். எழுத்துக்கு எண் வைக்கும் வழக்கப்படி இந்த எண்களுக்குப் பெயரும் உண்டு. 248 ‘தேவரம்’: த 8, வ 4, ர 2, பின்னிருந்து படித்தால் 248.

ஏன் 1600984? ஏலூரில் என் மேசையில் முதலில் அதைக் காரணிப்படுத்தினேன்: 8 × 7 × 11 × 23 × 113. ஏழால் மீதியின்றி வகுபடுகிறது. கலி வெள்ளிக்கிழமை பிறந்ததாகக் கணக்கு, ஆகவே 1600984ஆம் நாளும் வெள்ளிதான். குப்பண்ண சாஸ்திரியும் கே. வி. சர்மாவும் 1962இல் பதிப்பித்த ‘வாக்கியகரண’த்திலும் இதே எண்தான். தேதியாக்கினால் 1282 மே 22. கிழமை பொருந்தியது, காரணம் கிடைக்கவில்லை. காரணிகளை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

வகுக்கும் எண்களில்தான் விஷயம் இருந்தது. நிலா தன் உச்சத்தில், அதாவது பூமிக்கு மிகத் தொலைவில் இருந்து, மறுபடி அங்கே வர ஏறத்தாழ 27.5546 நாள். 248 நாளில் 9 சுற்று, 3031இல் 110, 12372இல் 449. இவற்றுக்குள்ளும் உறவு உண்டு: நான்கு 3031உம் ஒரு 248உம் சேர்ந்தால் 12372. அப்படியானால் 1600984 என்பது உதயத்தில் நிலா உச்சத்தில் இருந்ததாகக் கொண்ட ஒரு நாள். கணக்கைப் பூஜ்யத்திலிருந்து தொடங்க வசதியான நாள், அவ்வளவே.

இதைச் சோதிக்க வேறொரு மரபின் எண் வேண்டும். அது பக்கத்திலேயே, திருப்பூணித்துறை சமஸ்கிருதக் கல்லூரி 1956இல் வெளியிட்ட, கேரளக் கணிதர் சங்கமகிராம மாதவனின் ‘வேண்வாரோக’த்தில் இருந்தது. பதிப்பாசிரியர் அதே சர்மா. மாதவன் கழிக்கச் சொல்வது 1502008. இரண்டுக்கும் வித்தியாசம் 98976. அதை 12372ஆல் வகுத்தேன்: மிச்சமே இல்லாமல் 8.

கேரளத்து எண்ணும் தமிழகத்து எண்ணும் ஒரே சங்கிலியின் இரு கண்ணிகள். 1502008ஆம் நாள் 1011 மே 29. தஞ்சைப் பெரிய கோயில் கட்டி முடிந்த மறு ஆண்டு, மாதவனுக்கு 300 ஆண்டுக்கும் மேல் முந்தையது. அவர் கழித்த மீதியை 6845ஆல் பெருக்கி 188611ஆல் வகுக்கச் சொல்கிறார். 188611ஐயும் பிரித்துப் பார்த்தேன்: பதினைந்து 12372, ஒரு 3031.