தேசப் பாதுகாப்பும் சாமானியர் வாதமும்: இலண்டன் கடிதத் தொடர்புச் சங்கம், 1792-1799

ஒரு நாட்டின் அரசியலையும் பாதுகாப்பையும் பற்றி அந்நாட்டுக் குடிகள் தம்முள் வாதிடுதல் அந்நாட்டின் பாதுகாப்புக்கே ஊறு செய்வதாகுமா? பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதித் தசாப்தத்திலே இங்கிலாந்தில் இவ்வினா வெறும் தத்துவ விசாரமாக இருக்கவில்லை. சப்பாத்துத் தைப்பவர் ஒருவர் இதன் பொருட்டுத் தூக்குமேடையின் அடிவரை சென்று மீண்டார். அவரையும் அவர்தம் தோழர்களையும் பற்றி ஆங்கிலத்தில் நிறையவே எழுதப்பட்டுள்ளது. எனினும் இலக்கிய வரலாற்றைச் சமூக வரலாற்றோடு இணைத்து நோக்குவோருக்கு அங்கே சிந்திக்கத்தக்கன இன்னும் சில உள. அரசு அஞ்சியது அம்மனிதர் சொன்னவற்றையா, அன்றி அவர்கள் சொன்னவை ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் சென்ற வழியையா என்பதே அவற்றுள் முதன்மையானது.

1792ஆம் ஆண்டு ஜனவரி 25ஆந் திகதி மாலை, இலண்டனின் ஸ்ராண்ட் வீதியை அடுத்துள்ள எக்செற்றர் தெருவில், 'பெல்' என்னும் மதுச்சாலையில் ஒன்பது பேர் கூடினர். கூட்டியவர் தோமஸ் ஹார்டி. ஸ்கொத்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்து பிக்கடிலியில் சிறிய சப்பாத்துக் கடை ஒன்றை வைத்திருந்தவர். பாணும் பாற்கட்டியும் உண்டு, புகை பிடித்தபின் அவர்கள் பேசத் தொடங்கினர். வாராந்தச் சந்தா ஒரு பென்னி. சங்கத்தின் முதல் நிதி எட்டுப் பென்னி. தொழிலாளருக்கும் கடைக்காரருக்கும் கைவினைஞருக்கும் பாராளுமன்றச் சீர்திருத்தம் கோரும் உரிமை உண்டா என்பதை அடுத்தடுத்து ஐந்து இரவுகள் விவாதித்து, உண்டு என்று அவர்கள் முடிவு செய்தனர்.

இன்று இது நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். தமக்கு உரிமை உண்டா என்பதைத் தாமே ஐந்து இரவுகள் ஆராய வேண்டியிருந்ததா? ஆயினும் அக்காலத்துச் சமூக நிலையை மனங்கொள்ளல் வேண்டும். மான்செஸ்ரர், பேர்மிங்ஹாம், ஷெபீல்ட் ஆகிய கைத்தொழில் நகரங்களுக்குத் தனிப் பிரதிநிதி ஒருவர்தானும் இருக்கவில்லை. மக்கள் குடியிருப்பே அற்றுப்போன பழைய சாரம் என்னும் மேடு பாராளுமன்றத்துக்கு இருவரை அனுப்பிக்கொண்டிருந்தது. சொத்துடைமையே குடியுரிமையின் அளவுகோல் என்னும் கருத்து ஆள்வோரிடம் மட்டுமன்றி ஆளப்படுவோரின் உள்ளத்திலும் வேரூன்றியிருந்தது. அவ்வேரைப் பறிப்பதற்கு ஐந்து இரவுகள் மிகையல்ல.

சங்கத்தின் முதல் விதி, உறுப்பினர் தொகைக்கு எல்லை இல்லை என்பது. 1963இல் வெளிவந்த 'ஆங்கிலத் தொழிலாளர் வர்க்கத்தின் உருவாக்கம்' என்னும் தமது பெருநூலை ஈ. பி. தொம்சன் இவ்விதியிலிருந்தே தொடங்குகின்றார். அரசியல் என்பது பரம்பரையாலோ உடைமையாலோ வரையறுக்கப்பட்ட ஒரு குழாத்தின் தனியுரிமை என்னும் கோட்பாட்டுக்கு அவ்விதி முற்றுப்புள்ளி இட்டது என்பது அவர் கருத்தின் சாரம். இதனை மறுப்பதற்கில்லை. ஆனால் சங்கத்தின் பெயரும் இவ்விதியளவுக்கு முக்கியமானது. அது தன்னைப் புரட்சிச் சங்கம் என்றோ மக்கள் கட்சி என்றோ கூறிக்கொள்ளவில்லை. கடிதத் தொடர்புச் சங்கம் என்றே கூறிக்கொண்டது. ஷெபீல்டின் கத்தித் தொழிலாளரோடும் நோரிச், மான்செஸ்ரர் நகரத்துச் சங்கங்களோடும் அது கடிதம் எழுதிக்கொண்டது. ஏறத்தாழ முப்பது பேர் கொண்ட பிரிவுகளாக அது இயங்கியது. தொகை பெருகியதும் ஒரு பிரிவு இரண்டாகும். பிரிவுக்கொரு பிரதிநிதி பொதுக்குழுவிற்குச் செல்வார்.

இப்பிரிவுகளில் நடந்த வாதத்தின் முறைமை கவனிக்கத்தக்கது. தையற்காரராயிருந்து சங்கத்தில் முக்கிய இடம் பெற்ற பிரான்சிஸ் பிளேஸ் பிற்காலத்தில் அதனை விவரித்துள்ளார். தலைமைப் பொறுப்பு முறைவைத்து எல்லோருக்கும் வரும். தலைவர் ஏதேனுமொரு நூலின் ஒரு பகுதியை வாசிப்பார். விரும்பியோர் கருத்துச் சொல்லலாம். மற்றொரு பகுதி வாசிக்கப்படும். மீண்டும் அழைப்பு விடுக்கப்படும். எஞ்சிய பகுதி வாசிக்கப்பட்டபின், அதுவரை வாய் திறவாதோர் ஏதாவது சொல்வர் என எதிர்பார்க்கப்படும். அதன் பின்னரே பொது விவாதம். பேச்சுவன்மை படைத்தோர் மாத்திரம் பேசிக் கலையும் கூட்டமாக அமையாது, பேசத் தெரியாதவனையும் பேசப் பழக்கும் ஏற்பாடாக இது அமைந்தது. என் கருத்தில், சங்கம் கோரிய சர்வசன ஆடவர் வாக்குரிமையையும் ஆண்டுதோறும் கூடும் பாராளுமன்றத்தையும் விட இவ்வேற்பாடே அதன் ஆழமான சாதனை. அக்கோரிக்கைகள் புதியனவல்ல, 1780இலேயே ரிச்மண்ட் கோமகன் அவற்றைப் பிரபுக்கள் சபையில் முன்வைத்தவர். கோமகன் கேட்டபோது அது ஒரு மசோதா. சப்பாத்துத் தைப்பவர் கேட்டபோது அது இராசத்துரோகம்.

தோமஸ் பெயினின் 'மனித உரிமைகள்' நூலின் இரண்டாம் பாகம் 1792 பெப்ருவரியில் வெளிவந்தது. மே மாதத்தில் இராசத்துரோக எழுத்துக்களுக்கு எதிராக அரச பிரகடனம் வெளியாயிற்று. நவெம்பரில் ஜோன் ரீவ்ஸ் என்பார் குடியரசுவாதிகளுக்கு எதிராகச் சுதந்திரத்தையும் சொத்தையும் காப்பதற்கெனச் சங்கமொன்றை நிறுவினார். சொத்து என்னும் சொல்லை அவர்கள் மறைக்கவில்லை என்பது பாராட்டத்தக்கதே.

இலக்கிய மாணவர்க்கு இக்கட்டம் மிகவும் சுவையானது. எட்மண்ட் பேர்க் 1790இல் எழுதிய நூலில் பாமரரைப் பன்றிக் கூட்டத்தோடு ஒப்பிட்டிருந்தார். அவ்வசையையே பாமரர் தமது விருதாக ஏற்றனர். தோமஸ் ஸ்பென்ஸ் தமது ஒரு பென்னி வார ஏட்டுக்குப் 'பன்றித் தீன்' என்று பெயரிட்டார். டானியல் ஐசாக் ஈற்றன் 'பன்றிக் கழுநீர்' என்ற பெயரில் ஓர் ஏடு நடத்தினார். ஆளும் வர்க்கமும் இறங்கிவர வேண்டியதாயிற்று. 1792-93 மாரிகாலத்தில் ஹன்னா மோர் என்னும் சீமாட்டி 'கிராமத்து அரசியல்' என்றொரு சிறு பிரசுரத்தை வெளியிட்டார். கொல்லன் ஒருவன் கொத்தன் ஒருவனுக்குப் பெயினின் கருத்துக்கள் தவறென்று விளக்குவதாக அது அமைந்துள்ளது. ஆசிரியர் பெயராக இடப்பட்டிருந்தது ஒரு நாட்டுப்புறத் தச்சனின் பெயர்! அரசியல் பேசத் தகுதியற்றவன் எனப்பட்ட தொழிலாளியின் வேடத்தைப் புனைந்தே, அரசியல் பேசாதே என்று அவனுக்கு உபதேசிக்க வேண்டியிருந்தது. வேடம் புனைந்த கணத்திலேயே வாதத்தின் ஒரு பாதி தோற்றுப்போயிற்று.

நீதிமன்றமும் இலக்கிய விமர்சனத்தில் இறங்கியது. ஈற்றன் தமது ஏட்டில் கொடுங்கோலனான சேவல் ஒன்று தலை வெட்டப்படும் கதையை வெளியிட்டார். சங்கத்தின் சிறந்த பேச்சாளரான ஜோன் தெல்வோல் சொன்ன கதை அது. வழக்குத் தொடர்ந்தோர் குற்றப்பத்திரத்தில் சேவல் வருமிடந்தோறும் அது மன்னரைக் குறிப்பதெனப் பொருள் எழுத வேண்டியதாயிற்று. சேவலில் மன்னரைக் கண்டவர் ஈற்றனா, வழக்கறிஞரா? 1794 பெப்ருவரியில் யூரிமார் ஈற்றனை விடுதலை செய்தனர்.

இதற்குள் போர் மூண்டுவிட்டது. 1793 பெப்ருவரி முதலாந் திகதி பிரான்சு பிரித்தானியா மீது போர்ப் பிரகடனம் செய்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே, 1792இன் பிற்பகுதியில், பிரெஞ்சு மக்கள் பிரதிநிதிகள் சபைக்குச் சங்கம் ஏனைய சங்கங்களோடு சேர்ந்து வாழ்த்து மடல் அனுப்பியிருந்தது. எழுதியபோது அது அயல்நாட்டுக்கு எழுதிய மடல். போர் வந்ததும் பகைவனுக்கு எழுதிய மடலாயிற்று. மடலில் ஒரு சொல்லும் மாறவில்லை. 1793 இறுதியில் எடின்பரோவில் நடந்த மாநாட்டுக்குச் சென்ற சங்கப் பிரதிநிதிகள் மார்கரொற்றும் ஜெரால்டும் பதினான்கு ஆண்டு நாடுகடத்தல் தண்டனை பெற்று அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டனர். ஜெரால்ட் அங்கேயே 1796இல் இறந்தார்.

1794 மே 12ஆந் திகதி ஹார்டி கைது செய்யப்பட்டார். கைது செய்ய வந்தோர் அவரது கடிதங்களைப் பட்டுக் கைக்குட்டைகளிற் கட்டி எடுத்துச் சென்றனர். பாராளுமன்றத்தின் இரகசியக் குழு அவற்றை ஆராய்ந்தது. ஆட்கொணர்வு உரிமை இடைநிறுத்தப்பட்டது. 1947ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழும் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழும் வாழ்ந்த நமது வாசகருக்கு இவ்வொழுங்கு அந்நியமாகத் தோன்றாது.

இராசத்துரோகச் சட்டம் 1351ஆம் ஆண்டுக்குரியது. மன்னரின் மரணத்தை எண்ணுதலும் கற்பனை செய்தலும் அச்சட்டப்படி குற்றம். ஹார்டி எங்கும் அவ்வாறு எழுதியிருக்கவில்லை. ஆகவே சட்டமா அதிபர் ஜோன் ஸ்கொட் ஒரு சங்கிலியைக் கோத்தார்: கடிதங்கள் மாநாட்டைக் கூட்டும், மாநாடு பாராளுமன்றத்தை அச்சுறுத்தும், அச்சுறுத்தல் ஆட்சியைக் கவிழ்க்கும், ஆட்சி கவிழின் மன்னர் உயிர் தப்பார். இதனை விளக்க அவருக்கு ஒன்பது மணி நேரம் தேவைப்பட்டது. ஒரே நாளில் முடிவதே வழக்கமாயிருந்த இராசத்துரோக விசாரணை ஒக்டோபர் 28 முதல் நவெம்பர் 5 வரை நீடித்தது. தோமஸ் எர்ஸ்கின் எதிர்வாதம் புரிந்தார். யூரிமார் ஹார்டியை விடுதலை செய்தனர். பின்னர் ஹோர்ன் டூக்கும் தெல்வோலும் விடுதலையாயினர். தனித்தனியே நோக்கிய எந்தக் கடிதத்திலும் குற்றம் இருக்கவில்லை. கடிதங்கள் ஒன்றோடொன்று தொடர்புற்றமையே குற்றமென வாதிடப்பட்டது. அரசு அஞ்சியது வழியையே என நான் கருதுவதற்கு இவ்வழக்கே சான்று.

இவ்விடத்தில் நம் போன்றோர் எளிதிற் கடந்து செல்ல விரும்பும் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். 1794 ஜூனில், ஹோ கடற்படைத் தலைவரின் வெற்றியைக் கொண்டாடிய கூட்டமொன்று ஹார்டியின் வீட்டைத் தாக்கியது. அவர் சிறையில் இருந்தார். கருவுற்றிருந்த அவர் மனைவி லிடியா பின்புறச் சாளரம் வழியாகத் தப்ப முயன்று காயமுற்றார். ஓகஸ்ட் 27ஆந் திகதி பிரசவத்தில் அவர் இறந்தார். குழந்தையும் இறந்தே பிறந்தது. அடிமை வணிகத்தை வெறுத்தவர் லிடியா. ஆபிரிக்க அடிமையாயிருந்து விடுதலை பெற்று எழுத்தாளரான ஒலவுடா இக்குவியானோ 1792இல் அவர் வீட்டிலே தங்கியிருந்தார். அவ்வீட்டைத் தாக்கியவர்கள் பிரபுக்கள் அல்லர்; இலண்டன் தெருக்களின் சாதாரண சனங்களே. 1791இல் பேர்மிங்ஹாமில் விஞ்ஞானி பிறீஸ்லியின் வீட்டை அழித்த கூட்டமும் அத்தகையதே. மேலிருந்து தூண்டப்பட்டனர் என்று கூறி அமைதி காண்பது போதாது. தேசம், மன்னர், வெற்றி என்னும் சொற்களுக்குப் பசித்த வயிற்றினரிடமும் பிடிப்பு இருந்தது. அப்பிடிப்பு ஏன் என்பதை விளக்காத வர்க்க ஆய்வு அரைகுறையானது. சங்கத்தவரைக் குட்டிப் பூர்ஷ்வாக்கள் என்று ஒதுக்கும் ஆய்வும் அவ்வாறே. சொத்தைச் சமமாகப் பங்கிடுவது தம் நோக்கமன்று எனச் சங்கம் அறிக்கை விட்டதும், பெண்களுக்கு வாக்குரிமை கேளாததும் உண்மைதான். எனினும் அதே சங்கத்தில் ஸ்பென்ஸ் நிலத்தைப் பொதுவாக்கும்படி வாதிட இடமிருந்தது.

1795ஆம் ஆண்டு நமக்கும் உரிய ஆண்டு. ஒல்லாந்து பிரெஞ்சுப் படைவசமானதும் இங்கிலாந்துக்கு ஓடிய ஒல்லாந்த ஆட்சித் தலைவர், கியூ என்னுமிடத்திலிருந்து, தமது குடியேற்றங்களைப் பிரித்தானியரிடம் பாதுகாப்புக்கென ஒப்படைக்குமாறு கடிதங்கள் எழுதினார். அக்கடிதங்களின் வழி வந்த படையிடம் செப்டெம்பர் 28ஆந் திகதி யாழ்ப்பாணக் கோட்டை சரணடைந்தது. கொழும்பு 1796 பெப்ருவரியில் வீழ்ந்தது. யாழ்ப்பாணம் வீழ்ந்த செய்தி இலண்டனை எட்டும் முன்னரே, ஒக்டோபர் 26இல், கோப்பன்ஹேகன் வெளியில் சங்கம் பெருங்கூட்டம் ஒன்றைக் கூட்டியது. விளைச்சல் பொய்த்துப் பாண் விலை ஏறியிருந்த காலம். மூன்று நாட்களின் பின் பாராளுமன்றத்துக்குச் சென்ற மன்னரின் வண்டி தாக்கப்பட்டது. டிசெம்பர் 18ஆந் திகதி இரு சட்டங்கள் நிறைவேறின. ஐம்பது பேருக்கு மேற்பட்ட அரசியற் கூட்டங்களுக்கு நீதவானுக்கு முன்னறிவித்தல் தேவையாயிற்று. விரிவுரை மண்டபங்களுக்கு அனுமதிப்பத்திரம் தேவையாயிற்று. உறுப்பினருக்கு எல்லையில்லை என்ற விதிக்கு அரசு அளித்த மறுமொழி ஐம்பது என்னும் எண். ஒரே போர், ஒரே பாதுகாப்பு. அதன் பெயரால் அங்கே வாய் அடைக்கப்பட்டது, இங்கே கோட்டை கைமாறியது.

அதன்பின் சங்கம் தேய்ந்தது. 1798 ஏப்ரிலில் அதன் குழுவினர் கைதாயினர். 1799 யூலையில் பாராளுமன்றம் அதனைப் பெயர் குறித்துத் தடைசெய்தது. தொழிலாளர் ஒன்றுசேர்வதைத் தடுக்கும் சட்டமும் அதே மாதத்தில் நிறைவேறியமை தற்செயலன்று.

சங்கத்தின் கூட்டங்களைப் பற்றி இன்று நாம் அறிவனவற்றுள் பெரும்பகுதி ஒற்றர் எழுதிய அறிக்கைகளிலிருந்து கிடைப்பன. மேரி தேல் 1983இல் பதிப்பித்த சங்க ஆவணத் தொகுதியில் அவற்றுட் பல இடம்பெற்றுள்ளன. உறுப்பினராக நடித்து உள்ளே அமர்ந்து, யார் என்ன சொன்னார் என்று அரசுக்கு எழுதியவர்கள் அவர்கள். ஆபத்து ஒன்றுமில்லை என எழுதும் ஒற்றனுக்கு நெடுநாள் வேலை இராது என்பதை ஆய்வாளர் மறத்தலாகாது. ஆயினும் அவர்களின்றேல் அந்த நெசவாளரும் தையற்காரரும் கடிகாரம் செய்வோரும் பேசியவை நம்மை வந்தடைந்திரா. காவலின் பொருட்டு எழுதப்பட்டது வரலாற்றுக்குப் பயன்படுகின்றது. அவ்வறிக்கைகள் உள்ளிட்ட அரசாங்கப் பத்திரங்கள் இன்று இருக்குமிடமும் கியூவே.

ஹார்டி 1832 ஒக்டோபரில் இறந்தார். அவ்வாண்டு ஜூனில் நிறைவேறிய சீர்திருத்தச் சட்டத்தை அவர் கண்ணாற் கண்டார். நகரங்களில் ஆண்டுக்குப் பத்துப் பவுண் வாடகைப் பெறுமதியுள்ள வீடோ கடையோ உடைய ஆடவருக்கு அது வாக்களித்தது. அவர் கூட்டிய ஒன்பது பேர் ஐந்து இரவுகள் விவாதித்த வினாவுக்கு, இங்கிலாந்தின் பெரும்பாலான சப்பாத்துத் தைப்போரைப் பொறுத்தவரை, அச்சட்டம் அளித்த விடை இல்லை என்பதே.