ஆனர்ஸும் முகம் தெரியாதவர் போடும் மார்க்கும்

தில்லியில் அட்மிஷன் சீசன் வந்துவிட்டால் நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பேச்சு தவறாமல் வரும். கரோல்பாகோ, ஆர்.கே. புரமோ, மயூர் விஹாரோ, எங்கே யாரைப் பார்த்தாலும், "பையனுக்கு ஆனர்ஸ் கிடைச்சுதா, புரோகிராம்தானா?" என்பார்கள். ஊரிலிருந்து போனில் பேசும் பெரியப்பாவுக்கு இது புரியாது. "பி.காம்.னா பி.காம்.தானே? அதுல என்னடா ஆனர்ஸ்?" என்பார். நானும் ஊரில் வெறும் பி.காம். முடித்து வங்கி வேலைக்கு வந்தவன்தான். இந்த ஆனர்ஸ் எங்கிருந்து வந்தது, அதில் மார்க் போடுகிறவர் யார் என்று தேடிப் படித்ததில் கிடைத்த கதை இது.

வேடிக்கை என்னவென்றால், ஆனர்ஸ் நம்ம ஊருக்குப் புதிதே இல்லை. அந்தக் காலத்துச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இன்டர்மீடியட் முடித்தவர் பாஸ் கோர்ஸ் என்றால் 2 வருடம், ஆனர்ஸ் என்றால் 3 வருடம் படிக்க வேண்டும். ஆனர்ஸ் முடித்தவர் பிற்பாடு தனியாகப் பரீட்சை எழுதாமலேயே எம்.ஏ. பட்டம் வாங்கிக்கொள்ளலாம். விஞ்ஞானி எஸ். சந்திரசேகர் 1930-இல் மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் முடித்தவர். மாணவராக இருந்தபோதே அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை 1929-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. எல்லாப் பிள்ளைகளும் சந்திரசேகர் ஆகிவிட முடியாதுதான் :-) ஆனால் ஆனர்ஸ் என்றால் என்ன எதிர்பார்த்தார்கள் என்பது புரிகிறது. ஒரு பாடத்தை ஆழமாகப் படி, அதில் சொந்தமாக யோசி. 1950-களின் பிற்பகுதியில் பி.யூ.சி.யும் 3 வருடப் பட்டப்படிப்பும் வந்தபோது ஆனர்ஸ் நம்ம ஊரில் மறைந்துபோனது. பெரியப்பாவின் கேள்விக்குக் காரணம் அதுதான்.

தில்லியில் அது தங்கிவிட்டது. தில்லிப் பல்கலைக்கழகம் 1922-இல் ஸ்டீபன்ஸ், ஹிந்து, ராம்ஜஸ் என்று மூன்றே கல்லூரிகளுடன் தொடங்கியது. அதற்கு உருவம் கொடுத்தவர் என்று சர் மாரிஸ் க்வயரைச் சொல்வார்கள். ஃபெடரல் கோர்ட்டின் தலைமை நீதிபதியாக இருந்தவர், 1938 முதல் 1950 வரை துணைவேந்தர். இன்டர்மீடியட்டை எடுத்துவிட்டு 3 வருடப் பட்டப்படிப்பை 1943-இல் இங்கே கொண்டுவந்தது அவர் காலத்தில்தான். 1917-19-இல் வேலை செய்த சாட்லர் கமிஷன் சொன்ன யோசனை அது.

ஆனர்ஸின் உயிர்நாடி டுடோரியல். பெரிய வகுப்பில் லெக்சர் கேட்பது ஒரு பக்கம். சின்னக் குழுவாக உட்கார்ந்து, தான் எழுதிய கட்டுரையை ஆசிரியர் முன்னால் வைத்துப் பேசுவது இன்னொரு பக்கம். ஆனால் நீண்ட காலம் அந்தக் கட்டுரைக்கு இறுதி ரிசல்டில் மார்க் கிடையாது. வருடக் கடைசியில் பரீட்சை, விடைத்தாளைத் திருத்துகிறவர் யாரோ முகம் தெரியாத ஒருவர். வருடம் முழுக்கப் பிள்ளையைப் பார்த்தவருக்கு மதிப்பிட அதிகாரம் இல்லை. பார்க்காதவருக்குத்தான் அதிகாரம்.

இதை மாற்றச் சொன்னதில் நம்ம ஊர்க்காரர்களுக்குப் பங்கு உண்டு. 1948-49-இல் பல்கலைக்கழகக் கல்விக் கமிஷனுக்குத் தலைவர் திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன். உறுப்பினர்களில் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார். ஒரே ஒரு சீர்திருத்தம்தான் செய்யலாம் என்றால் அது பரீட்சையில் இருக்கட்டும் என்பது அவர்கள் கருத்து. மார்க்கில் மூன்றில் ஒரு பங்கை வருடம் முழுக்கச் செய்த வேலைக்குக் கொடுங்கள் என்றார்கள். முதல் வகுப்புக்கு 70, இரண்டாம் வகுப்புக்கு 55, தேர்ச்சிக்கு 40 என்று கோட்டையும் உயர்த்தச் சொன்னார்கள்.

தில்லிப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் கையில் 25 மார்க் வந்தது 2003-இல். அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது! அப்போதும் எதிர்ப்பு இருந்தது, அதில் நியாயமும் இருந்தது. எங்கள் வங்கியில் வவுச்சர் போட்டவரே அதைப் பாஸ் பண்ண முடியாது. போடுபவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர். பாடம் நடத்தியவரே மார்க்கும் போட்டால் வேண்டியவர், வேண்டாதவர் என்று வராதா? ஒரு கல்லூரி அள்ளிக் கொடுத்து, இன்னொன்று கிள்ளிக் கொடுத்தால்? அதைச் சமன்செய்யப் பல்கலைக்கழகம் தனி விதியே வைத்தது.

நம் குடும்பங்களுக்கு இது வெறும் தத்துவம் இல்லை. 1962-இல் தில்லியில் அஞ்சல்வழிப் படிப்பு தொடங்கியது. பகலில் ஆபீஸில் டைப் அடித்துவிட்டு, இரவில் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் நம்மவர்களில் எத்தனை பேர்! அவர்களுக்குச் சிபாரிசு கிடையாது, சரளமான இந்தி கிடையாது, பேராசிரியர் பரிச்சயமும் கிடையாது. ரோல் நம்பரை மட்டும் பார்க்கும் அந்த முகம் தெரியாதவர்தான் அவர்களுக்குப் பெரிய பாதுகாப்பு.

ஆனால் மறுபக்கமும் உண்டு. கடன் கேட்டு வந்தவரிடம் நேரில் பேசிய மானேஜருக்குத் தெரிவது, ஃபைலை மட்டும் பார்க்கிறவருக்குத் தெரியாது. எண்ணை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதையும் தில்லி பார்த்துவிட்டது. 2011-இல் ஸ்ரீராம் காமர்ஸ் கல்லூரி, பள்ளியில் காமர்ஸ் படிக்காதவர்களுக்கு பி.காம். ஆனர்ஸ் கட்-ஆஃப் 100 சதவீதம் என்று அறிவித்தது. சில வருடம் கழித்து, 200-க்கு 200 வாங்கிய தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகள் அதே கல்லூரிக்குப் பெருமளவில் வந்து சேர்ந்தார்கள். 2021-இல் பல கல்லூரிகளில் மறுபடி 100. 2022-இல் பொது நுழைவுத் தேர்வு வந்து கட்-ஆஃப் முறையே போய்விட்டது.

அப்படி நம்ம ஊரிலிருந்து வந்த பையன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வருவான். அவன் எழுதிய முதல் கட்டுரை 10-க்கு 5 மார்க்குடன் திரும்பியது. புத்தகத்தில் இருந்த அத்தனை பாயின்டும் அதில் இருந்தன. ஓரத்தில் ஒரே ஒரு வரி: "இதில் நீ என்ன சொல்கிறாய்?" அவனிடம் இதுவரை யாரும் கேட்காத கேள்வி!

2022-இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் டுடோரியல் உள்ள ஒரு பேப்பருக்கு 160 மார்க். பரீட்சைக்கு 90, உள்மதிப்பீட்டுக்கு 30, தொடர் மதிப்பீட்டுக்கு 40. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 44 சதவீதம் கல்லூரி ஆசிரியர் கையில். ராதாகிருஷ்ணன் கேட்டதைவிட அதிகம். 2025-இல் அந்த முதல் பேட்ச் நான்காம் ஆண்டுக்கு வந்திருக்கிறது. விரும்பினால் ஆய்வேடே எழுதலாம்.

முகம் தெரியாதவர் பாரபட்சம் இல்லாமல் அளக்கலாம், ஆனால் பிள்ளையிடம் திரும்பக் கேள்வி கேட்க அவரால் முடியாது. கேட்கிறவர் பாடம் நடத்தியவர்தான். ஓரத்தில் ஒரு வரிகூட எழுதாமல் 40-க்கு 38 போட்டு அனுப்பினால் அது ஆனர்ஸ் இல்லை, பெயரில் மட்டும்தான் ஆனர்ஸ். அதனால் அடுத்த முறை பிள்ளை கட்டுரையோடு வீட்டுக்கு வந்தால் "எத்தனை மார்க்?" என்பதை இரண்டாவதாகக் கேளுங்கள். முதலில், "சார் ஓரத்தில் என்ன எழுதியிருக்கார்?"