மிஸஸ்

ஒரு பெண்ணின் பெயருக்கு முன்னால் 'மிஸ்' என்றோ 'மிஸஸ்' என்றோ போடுவதற்கு என்ன செலவாகும்? அச்சுக் கோப்பவரைக் கேட்டால், நாலைந்து எழுத்து என்பார். 1963-ஆம் ஆண்டு அமெரிக்காவின் அலபாமா ராஜ்யத்தில் ஒரு பெண்ணுக்கு அதன் விலை 50 டாலர் அபராதமும் 5 நாள் சிறையும் என்று ஒரு நீதிபதி நிர்ணயித்தார்.

நமக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். நம் பாஷையில் 'வந்தாள்' என்றால் ஒரு மதிப்பு, 'வந்தார்' என்றால் வேறு மதிப்பு. வினைச்சொல்லே ஆளை எடை போட்டுவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த வசதி கிடையாது. ராணிக்கும் வேலைக்காரிக்கும் வினைச்சொல் ஒன்றேதான். ஆகவே நம் 'ஸ்ரீமதி', 'குமாரி' போன்ற அந்தச் சின்னச் சொற்கள்தாம் அங்கே மரியாதையின் பாரத்தைப் பெரும்பாலும் சுமக்க வேண்டியிருக்கிறது.

இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில், அமெரிக்கத் தென் ராஜ்யங்களின் வெள்ளையர் பத்திரிகைகள் பெரும்பாலானவற்றில் எழுதப்படாத சட்டம் ஒன்று இருந்தது. வெள்ளைக்காரப் பெண்மணி விருந்து கொடுத்தால் 'மிஸஸ்'. கறுப்பினப் பெண் பள்ளி ஆசிரியையாக இருந்தாலும் வெறும் பெயர். பெயரை அடுத்து 'நீக்ரோ' என்ற அடையாளம். ஆண்களுக்கும் 'மிஸ்டர்' கிடையாது. படித்தவரானால் 'டாக்டர்', 'புரொபஸர்', பாதிரியாரானால் 'ரெவரெண்ட்' என்று போட்டுத் தப்பித்துக்கொள்வார்கள். வயதானவரானால் 'அங்கிள்'. நம் ஊரில் முன்பின் தெரியாத கிழவரை 'மாமா' என்று கூப்பிடுவது மரியாதை. அங்கே அது 'மிஸ்டர்' என்ற சொல்லை வாயில் வரவிடாமல் செய்வதற்கு ஒரு யுக்தி. 1955-இல் மிஸிஸிபியில், 14 வயதுச் சிறுவன் எம்மெட் டில் கொலை வழக்கில், சிறுவனின் உறவினர் மோஸ் ரைட் சாட்சி சொல்ல வந்தார். வயது 64. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த அவரை, அவர் தரப்பில் நின்ற அரசாங்க வக்கீலே 'அங்கிள் மோஸ்' என்றுதான் அழைத்தார்.

கறுப்பினத்தார் நடத்திய பத்திரிகைகள் இதற்குப் பதில் சொல்லாமல் இல்லை. 'சிகாகோ டிஃபெண்டர்', 'பிட்ஸ்பர்க் கூரியர்' போன்றவற்றின் பக்கங்களில் சலவைத் தொழில் செய்யும் பெண்ணும் 'மிஸஸ்'தான். வெள்ளையர்களிலும் துணிந்தவர்கள் உண்டு. மிஸிஸிபியில் கிரீன்வில் என்ற ஊரில் பத்திரிகை நடத்திய ஹாடிங் கார்ட்டர், 1936-இல் ஓட்ட வீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸின் படத்தை வெளியிட்டு வசை வாங்கியவர். பிற்பாடு மணமான கறுப்பினப் பெண்களுக்கு 'மிஸஸ்' போட்டார், அதற்கும் வசை. 1946-இல் அவருக்குப் புலிட்ஸர் பரிசு கிடைத்தது. பரிசு கொடுத்தவர்கள் நியூயார்க்கில் இருந்தார்கள். வசை பாடியவர்களோ அடுத்த தெருவில் இருந்தார்கள்.

மற்றப் பத்திரிகாசிரியர்கள் எல்லோரும் கொடியவர்கள் என்று நான் சொல்லவில்லை. 'உள்ளதை உள்ளபடி போடுகிறோம்' என்று நம்பியவர்களே அதிகம். பெயர் சரி, ஊர் சரி, தேதி சரி. ஒரு சொல் மட்டும் இல்லை. பொய்யை அச்சிட்டால் மறுப்புக் கடிதம் எழுதலாம். அச்சிடாத சொல்லுக்கு எப்படி மறுப்பு எழுதுவது? தினமும் காலையில் காப்பியோடு அந்த இல்லாத சொல்லையும் சேர்த்துப் பருகிய வாசகர்களுக்கு, அது இல்லாதது நாளடைவில் இயற்கையாகவே தோன்றியிருக்கும்.

மார்ட்டின் லூதர் கிங் 1963-இல் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில், கொலைகளையும் அடிகளையும் பற்றிச் சொல்லும் அதே மூச்சில், தம் மனைவிக்கும் தாய்க்கும் 'மிஸஸ்' என்ற சொல் மறுக்கப்படுவதையும் சேர்த்திருக்கிறார். அந்த ஆண்டிலேயே அது பத்திரிகைகளில் வெளிவந்தது.

அதே ஆண்டு ஜூன் மாதம், அதே அலபாமாவில் காட்ஸ்டன் நகர நீதிமன்றத்தில், இன சமத்துவத்துக்காக உழைத்த மேரி ஹாமில்டன் சாட்சிக் கூண்டில் நின்றார். அரசாங்க வக்கீல் "மேரி" என்று கூப்பிட்டார். மிஸ் ஹாமில்டன் என்று அழைத்தாலன்றிப் பதில் சொல்லமாட்டேன் என்றார் அவர். நீதிபதி கட்டளையிட்டும் அசையவில்லை. அதற்குத்தான் அந்த அபராதமும் சிறையும். அலபாமா சுப்ரீம் கோர்ட் தண்டனையை உறுதி செய்தது. சாட்சியின் பெயர் மேரி ஹாமில்டன், 'மிஸ் மேரி ஹாமில்டன்' அல்ல என்று நியாயமும் சொல்லிற்று! அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 1964 மார்ச்சில், வாதங்களைக்கூடக் கேட்காமல், அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 1970-களில் வேறு சில பெண்கள், "எங்களுக்கு 'மிஸ்'ஸும் வேண்டாம், 'மிஸஸு'ம் வேண்டாம், மணமாயிற்றா என்பது ஊருக்கு எதற்கு?" என்று கேட்டு, 'மிஸ்ஸ்' என்ற சொல்லைப் பரவலாக்கினார்கள். 'நியூயார்க் டைம்ஸ்' அதை 1986-இல் ஏற்றது. பல பத்திரிகைகள் அடைமொழிகளையே அடியோடு விட்டுவிட்டன.

ஒரு சாரார் போராடிப் பெற்றதை மறு சாரார் போராடி உதறினார்கள். இரண்டும் நியாயமே. தன்னை எப்படி அழைக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை யாருடையது என்பதுதான் இரு வழக்கிலும் கேள்வி. அந்த உரிமை அச்சுக்கூடத்தாருடையது அல்ல.