பூவும் உத்தரவும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் துவரங்குறிச்சியை அடுத்துள்ள மருங்காபுரிச் சீமை, காவிரியின் கருணை எட்டாத பூமி. பாளையமாக இருந்து, பின்னர் ஜமீனாகி, 1948ஆம் வருஷத்துச் சட்டத்தின் பயனாய் ஜமீன் என்ற பெயரும் நீங்கிப்போன இந்தக் கரட்டு நிலத்தில், வானத்தையும் குளத்தையும் விட்டால் பாறையைப் பிளந்து தோண்டுகின்ற கிணறு ஒன்றே குடியானவனுக்குக் கதி. கிணறு வெட்டுவதென்பதோ ஒரு குடும்பத்தின் வாழ்வையே பணயம் வைக்கின்ற காரியம். நகையை அடகு வைத்து, நிலத்தின் மேல் கடன் வாங்கி, பல ஆள் ஆழம் இறங்கிய பிறகும் ஊற்றுக் கண் திறவாமற் போனால், கடைசியில் கிணறும் இல்லை, நிலமும் இல்லை என்று ஆகிவிடும். ஆகையால், கடப்பாரையைக் கையில் எடுக்குமுன் சாமியிடம் உத்தரவு கேட்பது இந்தப் பக்கத்தில் தொன்றுதொட்டு வந்த வழக்கம். அதற்குப் பூக்கட்டிப் பார்த்தல் என்று பெயர்.

வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் தனித்தனியே இலையில் மடித்து, வேற்றுமை தெரியாதபடி ஒரே அளவான பொட்டலங்களாக நூலால் கட்டி, குலதெய்வத்தின் சந்நிதியில் வைத்து, இன்ன பூ வந்தால் செய்வது, இன்ன பூ வந்தால் விடுவது என்று வாய்விட்டுச் சொல்லி, ஒன்றும் அறியாத ஒரு குழந்தையைக் கூப்பிட்டு, ‘ஒன்றை எடு’ என்பார்கள். குழந்தை எடுத்ததைப் பூசாரி பிரிக்கின்ற அந்தக் கணத்தில் சூழ நிற்பவர்கள் மூச்சுவிடக் கூட மறந்துபோவார்கள். கிணற்றுக்கு மட்டுமன்று; பெண் கொடுப்பதற்கும், பிரிந்த பங்காளிகள் மறுபடி கூடுவதற்கும், திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதற்கும், கடல் கடந்து பிழைக்கப் போவதற்கும் இப்படியே உத்தரவு கேட்டார்கள்.

இதை மூட வழக்கம் என்று தள்ளிவிடுவது எளிது. வேண்டிய பூ வரும்வரையில் மறுபடியும் மறுபடியும் கட்டிப் பார்த்தவர்களும் உண்டு. மணப்பெண்ணின் மனத்தைக் கேளாமல் பூவை மட்டுமே கேட்டு, அவளுடைய ஆயுளைப் பாழாக்கியவர்களும் உண்டு. அவர்களுக்காக நான் பரிந்து பேச வரவில்லை. ஆனால், இவ்வழக்கத்தைச் செவ்வையாகக் கைக்கொண்ட பெரியவர்களைக் கவனித்தால் ஒரு விஷயம் புலனாகும். நீரோட்டம் அறிந்தவரை அழைத்து நிலத்தைக் காட்டி, அண்டைக் கிணறுகளின் ஆழத்தை விசாரித்து, கைப்பொருளைக் கணக்கிட்டு, மனித புத்தி எதுவரை செல்லுமோ அதுவரை சென்று, அதற்கப்பால் இரண்டு வழியும் ஒத்த கனத்தோடு நின்று மனத்தை அலைக்கழிக்கும்போதுதான் அவர்கள் சந்நிதிக்குப் போனார்கள். விவேகத்தைச் செலவிடாமல் சேமித்து வைப்பதற்காக அவர்கள் தெய்வத்தைத் தேடவில்லை.

இந்த முறைமைக்கு நம் நாட்டில் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்ச் சாசனங்கள், ஊர்ச் சபையின் வாரியங்கள் என்னும் குழுக்களுக்கு அங்கத்தினரைத் தேர்ந்தெடுக்கும் விதத்தை வரையறுக்கின்றன. குடும்பு என்னும் ஊர்ப் பிரிவுகள் முப்பதிலிருந்தும் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு பாலனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள் என்பது பலரும் அறிந்த செய்தி. ஆனால், குடத்தில் ஓலையாக விழுவதற்கே எத்தனை நிபந்தனைகள்! சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது முப்பத்தைந்துக்கு மேலும் எழுபதுக்கு உட்பட்டும் இருக்க வேண்டும், கல்வி வேண்டும், முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் கூடாது. மனிதன் சலிக்கவேண்டிய அளவுக்குச் சலித்துவிட்டு, எஞ்சியதையே குழந்தையின் கையில் ஒப்படைத்தார்கள். மருங்காபுரிப் பக்கத்துக் கோயிலில் பொட்டலம் எடுக்கிற குழந்தையும் அந்தப் பாலனும் எனக்கு ஒரே குழந்தையாகவே தோன்றுகிறார்கள்.

சைவர்களிடையே திருமுறையில் கயிறு சாத்திப் பார்க்கும் சம்பிரதாயம் உண்டு. ஏட்டுச் சுவடியைப் பூசித்து, கண்ணை மூடி, ஏடுகளின் இடையே கயிற்றைச் செலுத்தி, அவ்விடத்தில் வருகின்ற பதிகத்தையே இறைவன் வாக்காகக் கொள்வார்கள். மதுரையில் சமணரோடு நிகழ்ந்த அனல் வாதத்தில், ஞானசம்பந்தர் தம் பதிகச் சுவடியைப் பிரித்தபோது திருநள்ளாற்றுப் பதிகம் நேர்பட்டதென்றும், தீயிலிட்ட பின்னும் அந்த ஏடு பச்சையாகவே இருந்ததென்றும் பெரியபுராணம் சொல்லும் வரலாற்றை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். 1760இல் தரங்கம்பாடிக்கு வந்து குடியேறிய மொரேவிய சகோதரர் என்னும் கிறிஸ்தவ சபையாரும், விவாகம் முதலிய காரியங்களில் பிரார்த்தனை செய்து சீட்டெடுத்துத் தெய்வ சித்தத்தை அறிந்து வந்தவர்களே.

திருச்சிராப்பள்ளியில் வேறொரு வகை உத்தரவையும் காண்கிறோம். பதினெட்டாம் நூற்றாண்டில் விஜயரங்க சொக்கநாத நாயக்கரின் அரண்மனையில் உத்தியோகம் பார்த்த தாயுமானவர், மலைக்கோட்டையில் மௌனகுருவைக் கண்டதும் அனைத்தையும் துறந்து அவர் பின்னே போய்விடத் துடித்தார். குருவோ, சில காலம் இல்லறத்தில் இரு, வேளை வரும்போது வருவோம் என்று சொல்லித் தடுத்துவிட்டார். மனம் முழுவதும் ஒரு திசையில் ஓடும்போது வருகின்ற ‘இப்போது இல்லை’ என்ற விடையைத் தாங்குவதைப் போன்ற கடினமான பரீட்சை வேறு இல்லை. தாயுமானவர் தாங்கினார், மணம் புரிந்து, மகனைப் பெற்று, மனைவியை இழந்து, அதன் பிறகே துறவு பூண்டார்.

எனினும், இந்த விஷயத்தை நினைக்குந்தோறும் என் மனம் சென்று நிற்பது ஸ்ரீரங்கத்தில்தான். அங்கிருந்த வைணவ ஆசாரியர் ஆளவந்தாரின் கட்டளைப்படி, அவருடைய சீடர் பெரியநம்பி காஞ்சிக்குச் சென்று இளைஞரான ராமாநுஜரை அழைத்து வந்தபோது, காவிரிக் கரையில் அவர்கள் கண்டது ஆளவந்தாரின் அந்திமயாத்திரையை. ஒரு முறையேனும் கண்ணாரக் காணவேண்டுமென்று வந்த ஆசாரியரின் திருமேனியை மட்டுமே கண்ட ராமாநுஜர், துக்கம் தாங்காமல், அரங்கனைச் சேவியாமலே காஞ்சிக்குத் திரும்பிவிட்டார் என்று குருபரம்பரை கூறும். இதைப் பெரியோர் மறைக்காமல் எழுதி வைத்தார்களே என்பதில் எனக்குப் பெரிய நன்றியுண்டு. தெய்வத்தின் மேல் மனத்தாங்கல் கொண்ட ஒருவர்தாம் பின்னர் சரணாகதிக்கே ஆசாரியரானார்.

காஞ்சியில் அவர் சும்மா இருக்கவில்லை. சாலைக் கிணற்றிலிருந்து நாள்தோறும் தீர்த்தம் சுமந்து வரதராஜனுக்குக் கைங்கரியம் செய்தார். யாதவப்பிரகாசரிடம் கற்றது மனத்துக்கு ஒவ்வவில்லை. நாடிப்போன ஆசாரியரும் மறைந்துவிட்டார். இனி எது தத்துவம், எது உபாயம், யாரை ஆசிரயிப்பது என்று தெரியாமல் கலங்கிய அவர், வரதனுக்கு ஆலவட்டம் வீசி அவனோடு பேசும் பேறு பெற்றிருந்த திருக்கச்சிநம்பியிடம், என் நெஞ்சில் சில ஐயங்கள் உள்ளன, பெருமாளிடம் கேட்டருள வேண்டும் என்று மட்டும் விண்ணப்பித்தார். ஐயங்கள் இவை என்று சொல்லவில்லை. சொல்லப்படாத கேள்விகளுக்கு வந்த விடைகளே ஆறு வார்த்தைகள் எனப் பெயர் பெற்றவை. பரதத்துவம் தானே என்பதும், ஜீவன் வேறு ஈசுவரன் வேறு என்பதும், பிரபத்தி என்னும் சரணாகதியே உபாயம் என்பதும், அந்திம ஸ்மிருதி என்னும் மரண காலத்து நினைவு அவசியமில்லை என்பதும், சரீர முடிவில் மோக்ஷம் உண்டு என்பதும் ஐந்து; பெரியநம்பியை ஆசிரயிக்க வேண்டும் என்பது ஆறாவது.

முதல் ஐந்தும் சாஸ்திரத்தைச் சேர்ந்தவை. ஆறாவதோ, எழுந்து நட என்று காலுக்கு இட்ட கட்டளை. அதிலும், துக்கத்தோடு எந்த ஊரை விட்டுத் திரும்பினாரோ அந்த ஊரை நோக்கியே நடக்கச் சொல்லிய கட்டளை. ராமாநுஜர் மறுசொல் இன்றிப் புறப்பட்டார்.

அதே சமயத்தில், ஆளவந்தாருக்குப் பின் சம்பிரதாயத்தைத் தாங்க ஒருவர் வேண்டுமென்று ஸ்ரீரங்கத்து அடியார்கள் கூடி ஆலோசித்து, பெரியநம்பியைக் காஞ்சிக்கு அனுப்பியிருந்தார்கள். வடக்கிலிருந்து ஒருவரும் தெற்கிலிருந்து ஒருவரும், ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாமலே நடந்து, மதுராந்தகத்தில் ஏரிகாத்த ராமர் கோயிலில் எதிர்ப்பட்டார்கள். காஞ்சிக்குப் போய் வரதன் சந்நிதியில் பஞ்சசம்ஸ்காரம் என்னும் வைணவ தீட்சையைச் செய்துகொள்ளலாமே என்றார் பெரியநம்பி. ஆளவந்தாரைக் காணச் சென்று நேர்ந்ததை மறக்காத ராமாநுஜர், சரீரம் நிலையற்றது, இப்பொழுதே ஆகவேண்டும் என்று வேண்டி நின்றார். அந்தக் கோயிலின் மகிழ மரத்தடியிலேயே அது நடந்தது.