தாய்ப்பால் வங்கியும் பாஸ்டர் முறையும்

புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனையில் 2016-ஆம் ஆண்டு 'அமுதம் தாய்ப்பால் மையம்' தொடங்கப்பட்டது. 1823-இல் பிரெஞ்சு ஆட்சியில் ஏற்பட்ட மருத்துவப் பள்ளியே ஜிப்மரின் மூலம். தாய்ப்பால் வங்கிகளில் தானப் பாலைக் காக்கும் முறையும் ஒரு பிரெஞ்சுக்காரரின் பெயரால் வழங்குகிறது. லூயி பாஸ்டர் 1860-களில் திராட்சை மது கெடாதிருக்கக் கண்டறிந்த மிதவெப்ப முறை, பின்னர் மாட்டுப் பாலுக்கும் அதன்பின் தாய்ப்பாலுக்கும் வந்து சேர்ந்தது.

பிறர் பிள்ளைக்குப் பாலூட்டுபவளை 'முலைத்தாய்' என ஐவகைத் தாயருள் ஒருத்தியாக வைத்தது தமிழ் மரபு. அவள் நேரடியாக ஊட்டியதால் பாலைச் சேமிக்கும் கேள்வியே எழவில்லை. அது எழுந்தது 1909-இல் வியன்னாவில் உலகின் முதல் தாய்ப்பால் வங்கி அமைந்த பிறகுதான். 1930-களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பாலை விரைவாக உறைய வைத்துப் பார்த்தனர். உறைகுளிர் புரதங்களை அதிகம் சிதைப்பதில்லை. ஆனால் கிருமிகள் எல்லாம் அதில் மடிவதுமில்லை. 1980-களில் எச்.ஐ.வி. அச்சம் பரவியபோது மேலை நாடுகளில் பல வங்கிகள் மூடப்பட்டன. பாலைச் சூடாக்குவது அதன்பின் தவிர்க்க முடியாததாயிற்று. 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் மருத்துவர் ஆர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கியதே ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி.

வங்கிகளில் இன்று பரவலாக உள்ளது 'ஹோல்டர்' முறை. பாலை 62.5 பாகை செல்சியசில் 30 நிமிடம் வைத்திருந்து, உடனே குளிர்வித்து, கழிவு 20 பாகையில் (-20) உறைய வைப்பர். எச்.ஐ.வி. உள்ளிட்ட கிருமிகள் இதில் அழிகின்றன. அதற்கு விலையும் உண்டு.

முட்டையின் வெள்ளைக்கரு வெந்து இறுகுவதைப் பார்த்தவர்களுக்கு, வெப்பம் புரதத்தின் மடிப்பைக் குலைக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மடிப்புக் குலைந்த புரதமும் உணவாகும். குழந்தைக்குக் கிடைக்கும் மொத்தப் புரத அளவு பெரிதாகக் குறைவதில்லை. இழப்பு காவல் தொழிலில்தான். கிருமிகளுக்கு இரும்புச் சத்து கிடைக்காமல் தடுக்கும் லாக்டோஃபெரின் பாதிக்கு மேல் செயலிழக்கிறது. லைசோசைம் ஓரளவு குறைகிறது. கொழுப்பைச் செரிக்க உதவும் லிபேஸ் நொதி முற்றிலும் போய்விடுகிறது. குடலுக்குக் காப்பாக அமையும் எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலின் ஏ சற்று உறுதியானது, பெரும்பகுதி தப்பிவிடும். 72 பாகையில் 15 நொடி மட்டும் சூடாக்குவது, உயர் அழுத்தத்தில் வைப்பது போன்ற புதிய முறைகளில் புரத இழப்பு குறைவு என்றாலும், அவை இன்னும் பரவலாகவில்லை.

இவ்வளவு இழந்த பாலும் குறைமாதக் குழந்தைக்கு மாவுப்பாலைவிட மேலானது. அக்குழந்தைகளின் குடல் அழுகும் கொடிய நோய், தானப் பால் பெறுவோரிடம் மாவுப்பால் குடிப்போரைவிடக் குறைவாகவே காணப்படுகிறது. பெற்ற தாயின் பால் கிடைத்தால் அதற்கே முதலிடம். அதைத் தன் குழந்தைக்குச் சூடாக்காமலே கொடுக்கலாம். குளிர்பதனப் பெட்டியில் 4 பாகையில் சில நாள் வைத்தாலும் அதன் காவல் புரதங்கள் பெரும்பாலும் நிலைத்திருக்கும்.