எஸ்போசிட்டோ: ஒரு குடும்பப் பெயர் பிறந்த கதை

சனிக்கிழமை இரவு நம் கேட்டில் வரிசைகட்டும் பீட்சா டெலிவரி வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். மார்கரிட்டா பீட்சாவை 1889இல் இத்தாலி அரசிக்காக முதலில் செய்தவர் ரஃபயேலே எஸ்போசிட்டோ என்பது நேப்பிள்ஸ் நகரத்தார் பெருமையாகச் சொல்லும் கதை. அதை ஆய்வாளர்கள் பலர் நம்புவதில்லை. அது கிடக்கட்டும், அவர் குடும்பப் பெயரைக் கவனியுங்கள். 'பிரேக்கிங் பேட்' தொடரில் கோழிக்கடை முதலாளியாக மிரட்டும் ஜான்கார்லோ எஸ்போசிட்டோவுக்கும் அதே பெயர்தான். அவருடைய தந்தையும் நேப்பிள்ஸ்காரர். அதற்காக இருவரும் ஒரே வம்சம் என்று நினைத்துவிடாதீர்கள்.

லத்தீனில் 'எக்ஸ்போசிட்டுஸ்' என்றால் வெளியே விடப்பட்டவன். நேப்பிள்ஸில் அனுன்சியாத்தா என்ற தேவாலயமும் அதைச் சேர்ந்த அநாதைக் குழந்தைகள் இல்லமும் இருந்தன. இல்லத்தின் சுவரில் ஒரு துவாரம், அதற்குள் சுழலும் மரப்பெட்டி. வறுமையாலோ ஊர்ப் பேச்சுக்குப் பயந்தோ வரும் தாய் குழந்தையை அதில் வைத்துச் சுழற்றிவிட்டுப் போய்விடுவாள். உள்ளே இருப்பவர்கள் அவள் முகத்தைப் பார்க்க முடியாது. குழந்தை வந்த நேரம், உடுத்தியிருந்த துணி, கூட வந்த அடையாளப் பொருள் எல்லாம் பதிவேட்டில் ஏறும். என்றாவது தாய் தேடி வந்தால் கண்டுபிடிக்க வேண்டுமே! ஆனால் எத்தனையோ குழந்தைகள் அதுவரை பிழைத்திருக்கவில்லை.

பிழைத்தவர்களோடு பெயரும் வளர்ந்தது. வாயைத் திறந்து பெயரைச் சொன்னாலே பிறப்பு தெரிந்துவிடும். எந்த ரத்தத் தொடர்பும் இல்லாத ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே குடும்பப் பெயர். அவர்களில் ஆண்கள் மணம் முடித்ததும் அது அவர்கள் பிள்ளைகளுக்கும் போனது. தந்தையின் பெயரை ஏற்பதே 2022 வரை அங்கு விதியாக இருந்தது.

மற்ற ஊர்களிலும் இப்படித்தான். ஃபுளோரன்ஸில் 1445இல் திறந்த இல்லத்தின் பெயரிலிருந்து 'இன்னோசெந்தி' வந்தது. ரோமாபுரியில் 'ப்ரோயெத்தி', அதாவது எறியப்பட்டவர்கள். மிலானில் மருத்துவமனையின் சின்னம் புறா என்பதால் 'கொலம்போ'. (நம் பக்கத்து நாட்டுக் கொழும்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கொலம்போ என்று பெயருள்ள எல்லோரும் அநாதைகளின் வழிவந்தவர்களும் அல்லர்.)

பிறப்பைக் காட்டும் பெயர்களை வைக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் நிறுத்தப்பட்டது. ஆனால் ஏற்கெனவே வைத்த பெயர்களை யார் அழிப்பது? இன்று நேப்பிள்ஸில் மிக அதிகமாகக் காணப்படும் குடும்பப் பெயர் எஸ்போசிட்டோதான். இத்தாலி முழுவதற்குமான பட்டியலிலும் முதல் ஐந்துக்குள் வருகிறது. பிழைப்புத் தேடி மிலானுக்கும் டூரினுக்கும், அமெரிக்காவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போன தெற்கத்திக்காரர்கள் அதையும் கூடவே கொண்டு போனார்கள். இப்போது அந்தப் பெயரைக் கேட்டால் இத்தாலியர்களுக்கு அநாதை இல்லம் நினைவுக்கு வருவதில்லை. "ஓ, நேப்பிள்ஸா?" என்றுதான் கேட்கிறார்கள்.

அந்தச் சுழல்பெட்டியை 1875இல் நிறுத்திவிட்டார்கள். துவாரம் மட்டும் இன்னும் இருக்கிறது. நேப்பிள்ஸ் போகிறவர்கள் பீட்சாவுக்கு முன் ஃபோர்செல்லா பகுதிக்குப் போய் அதைப் பாருங்கள். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம்.